பழுது வந்தால் யாரைக் கேட்பது?

ஜிராவின் ஆப் சந்தை: அன்றும் இன்றும்

2006, 2007 வாக்கில், திட்ட வேலைகளைக் கணக்கு வைக்கும் ஜிரா மென்பொருளில் இல்லாத ஒரு வசதியைச் சேர்க்க வேண்டுமென்றால் அட்மின் ராத்திரி அலுவலகத்தில் தங்க வேண்டியிருக்கும். அந்த வசதியைத் தரும் பிளக்-இன்னை எழுதியவரின் தளத்துக்குப் போய் அதன் ஜார் கோப்பை இறக்க வேண்டும். அதைச் சர்வரில் 'வெப்-இன்ஃப்' ஃபோல்டருக்குள் இருக்கும் 'லிப்' என்ற ஃபோல்டரில் கையால் போட வேண்டும். ஜிராவை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். கிளம்பினால் சரி. கிளம்பாவிட்டால் லாக் கோப்பைத் திறந்து, சரசரவென்று ஓடும் வரிகளில் எது தகராறு செய்கிறது என்று தேட வேண்டும். பிறகு போட்ட கோப்பை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். பகலில் ஊரே வேலை பார்க்கும் சர்வரில் இந்த விளையாட்டு கூடாது என்பதால்தான் ராத்திரி.

சிரமம்தான். ஆனால் அந்தச் சிரமத்தில் ஒரு தெளிவு கூடவே வந்தது. ஜிராவோடு வந்தது எது, நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்தது எது என்பதில் அட்மினுக்குச் சந்தேகமே வராது. மறுநாள் காலை திரை தாறுமாறாகத் தெரிந்தால் முதல் சந்தேகம் நேற்று ராத்திரி போட்ட கோப்பின் மேல்தான்.

பிளக்-இன்னுக்கு இன்று ஆப் என்று பெயர், அதே வேலைக்கு ஒரு பொத்தான் போதும். ஜிராவின் உள்ளேயே இருக்கும் ஆப் பட்டியலைத் திறந்து, பிடித்ததைத் தட்டினால் டீ ஆறுவதற்குள் வசதி வந்து உட்கார்ந்துவிடும். ரீஸ்டார்ட் கிடையாது, லாக் கிடையாது. வந்து உட்கார்ந்தது யாருடையது என்ற கேள்வியும் பெரும்பாலும் எழுவதில்லை. இந்தப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் சந்தை எவ்வளவோ வளர்ந்துவிட்டது. வளர்ச்சியோடு சேர்ந்து அந்தக் கேள்வியின் விடை பக்கத்தின் அடியில் பொடி எழுத்துக்குப் போய்விட்டது.

கைக்குக் கை மாறிய காலம்

சிட்னியில் கல்லூரித் தோழர்கள் இருவர், மைக் கேனன்-புரூக்ஸும் ஸ்காட் ஃபர்குவரும், 2002இல் தொடங்கிய நிறுவனம் அட்லாசியன். மென்பொருள் திட்டங்களில் எந்த வேலை யார் கையில் இருக்கிறது, எந்தப் பிழை திருத்தப்பட்டது என்று கணக்கு வைக்கும் ஜிரா அதன் முதல் சரக்கு. 2004இல் குழுவுக்கான ஆவணங்களை எழுதிவைக்கும் கன்ஃப்ளூயன்ஸ் வந்தது. இன்று சென்னை ஓஎம்ஆரில் யாரிடமும் 'ஜிரா டிக்கெட்' என்றால் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆரம்ப நாட்களில் காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கிய வாடிக்கையாளருக்கு அட்லாசியன் மூல நிரலையும் கொடுத்துவந்தது. திறந்து பார்க்கலாம், தனக்கு வேண்டியதை எழுதிச் சேர்க்கலாம். அப்படித் தன் அலுவலகத் தேவைக்கு ஒருவர் எழுதியதை இன்னொருவர் கேட்க, பிளக்-இன்கள் பெருகின. அவற்றைப் பட்டியலிட அட்லாசியன் ஒரு பிளக்-இன் பரிமாற்றத் தளத்தையும் வைத்திருந்தது. அது கடை அல்ல, அறிவிப்புப் பலகை. பல பிளக்-இன்கள் இலவசம். காசு வேண்டும் என்றால் எழுதியவரிடம் நேரே வாங்க வேண்டும், லைசென்ஸ் சாவி அவரிடமிருந்து வரும், சந்தேகம் என்றால் அவருக்கே மெயில் போட வேண்டும். எழுதியவரும் விற்றவரும் பதில் சொல்பவரும் ஒரே ஆள்.

அதில் பிழைப்பு நடத்தியவர்களும் உண்டு. திரை வடிவமைப்புக்குக் கோட்டுச் சித்திரம் போடும் பால்சாமிக்கை இன்று தனி மென்பொருளாகப் பலருக்குத் தெரியும். அடோபியில் வேலை பார்த்த பெல்டி குய்லிஸோனி 2008இல் அதை முதலில் விற்கத் தொடங்கியது கன்ஃப்ளூயன்ஸுக்கான பிளக்-இன்னாகத்தான். அதில் ஏதாவது சரியில்லை என்றால் அவரைத்தான் கேட்க வேண்டும் என்பது வாங்கிய எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

இதை அப்படியே பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. எழுதியவர் வேலை மாறினால் பிளக்-இன் அநாதை. ஜிராவின் புது வெர்ஷன் வந்தால் பழைய பிளக்-இன் ஓடுமா என்று போட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பயந்தே வருஷக்கணக்கில் பழைய வெர்ஷனிலேயே உட்கார்ந்திருந்த அலுவலகங்கள் உண்டு. உள்ளே வரும் நிரலில் என்ன இருக்கிறது என்று சோதிக்கும் ஏற்பாடும் கிடையாது. எழுதியவர் மேல் இருந்த நம்பிக்கைதான் எல்லாம்.

கடை திறந்தது

2012இல் அட்லாசியன் மார்க்கெட்பிளேஸ் தொடங்கியது. அறிவிப்புப் பலகையின் இடத்தில் கல்லாப்பெட்டியோடு ஒரு கடை. யார் எழுதிய பிளக்-இன்னாக இருந்தாலும் அட்லாசியனிடமே காசு கட்டலாம். விற்ற தொகையில் அன்று கால் பங்கை அட்லாசியன் எடுத்துக்கொண்டு முக்கால் பங்கை எழுதியவருக்குக் கொடுத்தது. வாங்கும் அலுவலகத்துக்கு இது பெரிய நிம்மதி. ஆறு பிளக்-இன்னுக்கு ஆறு நாட்டில் ஆறு பேருக்குப் பணம் அனுப்பி, கணக்குப் பிரிவிடம் ஆறு முறை விளக்கம் சொல்ல வேண்டாம். ஒரே பில், ஒரே பெயர்.

பிரித்தறிவதில் முதல் குழப்பம் அந்தப் பில்லில்தான் தொடங்கியது. கல்யாண மண்டபம் ஒருவருடையது, சமையல் கான்ட்ராக்ட் இன்னொருவருடையது, ஆனால் பில் மண்டபத்தின் பெயரில் ஒன்றாக வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் ரசம் சரியில்லை என்றால் மண்டப மேனேஜரிடம்தான் போய் நிற்போம். அவர் கையை விரிப்பார். ஜிராவிலும் அதுதான் நடந்தது. அட்லாசியனுக்குக் காசு கட்டியவர் அட்லாசியன் சப்போர்ட்டில் டிக்கெட் போடுவார். மூன்றாம் தரப்பு ஆப்களுக்கு நாங்கள் சப்போர்ட் தருவதில்லை, செய்தவரிடம் கேளுங்கள் என்று பதில் வரும். அது விதிகளில் முதலிலிருந்தே இருந்ததுதான். பில்லைப் பார்த்தவருக்கு விதியைப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவே.

ஆனாலும் சர்வர் காலத்தில் அட்மின் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருந்தது. பிளக்-இன்களை நிர்வகிக்கும் திரையில் 'பயனர் நிறுவியவை', 'சிஸ்டம்' என்று இரண்டு வகை தனித்தனியே தெரியும். ஜிராவோடு பிறந்தது சிஸ்டம், நாம் சேர்த்தது மற்றது. அதே திரையில் 'சேஃப் மோடு' என்று ஒரு சுட்டி. அதைத் தட்டினால் நாம் சேர்த்தவை மொத்தமும் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். தகராறு அப்போதும் தொடர்ந்தால் அது ஜிராவின் கோளாறு. நின்றுவிட்டால் நாம் சேர்த்தவற்றில் ஏதோ ஒன்றின் வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம். யாரிடம் போய் நிற்பது என்ற கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை.

சர்வர் போய் கிளவுட் வந்தபின்

நம் கணினியில் நிறுவி ஓட்டும் 'சர்வர்' வகையின் விற்பனையை நிறுத்தப்போவதாக 2020 அக்டோபரில் அட்லாசியன் அறிவித்தது. 2021 பிப்ரவரியில் புது லைசென்ஸ் நின்றது. 2024 பிப்ரவரி 15ஆம் தேதியோடு சர்வருக்கான சப்போர்ட்டும் முடிந்தது. பெரிய நிறுவனங்களுக்கான டேட்டா சென்டர் வகைக்கும் 2029 மார்ச் வரைதான் ஆயுள். ஆக எல்லாரும், அட்லாசியனின் கணினிகளிலேயே ஜிரா ஓடும் கிளவுடுக்கு.

வெளித் தோற்றத்தில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. உள்ளே தலைகீழ். முன்பு மூன்றாம் தரப்பு பிளக்-இன் நம் சர்வருக்குள் வந்து ஓடியது. நல்லதோ கெட்டதோ, தகவல் நம் வீட்டுக்குள் இருந்தது. கிளவுடில் 'கனெக்ட்' என்ற முறையில் எழுதப்பட்ட ஆப்கள் அவற்றைச் செய்தவரின் சொந்தச் சர்வரில் ஓடும். ஜிராவின் திரையில் ஒரு சட்டத்துக்குள் அந்தப் பக்கம் தெரியும், அவ்வளவுதான். பார்ப்பவர் கண்ணுக்கு ஜிரா. ஓடுவது வேறொரு நாட்டில், நமக்குப் பெயர் தெரியாத ஒரு நிறுவனத்தின் கணினியில். நிறம், எழுத்து, பொத்தானின் வளைவு எல்லாம் ஜிராவைப் போலவே இருக்க அட்லாசியன் வடிவமைப்புக் கருவிகளையும் கொடுக்கிறது. பயன்படுத்துகிறவருக்குக் கண் உறுத்தக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். உறுத்தாததால் வேறுபாடும் தெரிவதில்லை.

2021இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 'ஃபோர்ஜ்' இதில் ஒரு திருத்தம். இதில் எழுதிய ஆப் அட்லாசியனின் கணினிகளிலேயே ஓடலாம். தகவலை வெளியே அனுப்பாத ஆப்களுக்கு 'ரன்ஸ் ஆன் அட்லாசியன்' என்ற முத்திரையும் இப்போது கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் முத்திரையில் அட்லாசியனின் பெயரைப் பார்த்ததும், சப்போர்ட்டும் அவர்களுடையது என்று நினைத்துவிடக் கூடாது. ஓடும் இடம் மட்டும்தான் அவர்களுடையது. ஆப் தவறாகக் கணக்குப் போட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அதை எழுதியவர்தான்.

ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தால்

சந்தையில் ஏதாவது ஓர் ஆப்பின் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். மேலே பெரிய எழுத்தில் ஆப்பின் பெயர். பெயருக்குள்ளேயே பெரும்பாலும் 'ஃபார் ஜிரா' என்று இருக்கும். ஜிராவுக்காகச் செய்தது என்றுதான் அர்த்தம், ஜிராக்காரர் செய்தது என்று அல்ல. அதன் கீழே சின்னதாகச் செய்தவர் பெயர். பக்கத்தில் நட்சத்திரங்கள், எத்தனை அலுவலகங்கள் நிறுவியிருக்கின்றன என்ற எண்ணிக்கை, பிறகு முத்திரைகள்.

முத்திரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்கின்றன. பிளாட்டினம், கோல்டு, சில்வர் என்பவை செய்த நிறுவனத்துக்குச் சந்தையில் உள்ள படிநிலை. 2021இல் வந்த 'கிளவுட் ஃபோர்ட்டிஃபைடு' என்பது அந்த ஆப் கூடுதல் பாதுகாப்பு, நம்பகத்தன்மைச் சோதனைகளுக்கு உட்பட்டது என்பதையும், வாரத்தில் ஐந்து நாளாவது கேட்ட 24 மணி நேரத்துக்குள் பதில் தரச் செய்தவர் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதையும் காட்டுகிறது. இவற்றில் எதுவும் 'இது அட்லாசியன் பொறுப்பேற்கும் ஆப்' என்று சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள சப்போர்ட் பகுதிக்குப் போக வேண்டும். யார் சப்போர்ட் தருகிறார், எந்த வழியில் கேட்க வேண்டும் என்பது அங்கேதான் இருக்கும்.

அங்கே போனவர்களுக்கும் ஒரு வியப்பு காத்திருக்கிறது. செய்தவர் பெயர் 'அட்லாசியன் லேப்ஸ்' என்று இருக்கும் ஆப்கள் உண்டு. நிறுவனத்துப் பொறியாளர்களே சோதனை முயற்சியாக எழுதியவை. பெயரைப் பார்த்தால் இதைவிட உறுதியான ஆப் இருக்க முடியாது என்று தோன்றும். ஆனால் அவற்றுக்கு முறையான சப்போர்ட் கிடையாது. வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருளை விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸின் ஆப் சந்தையான ஆப் எக்ஸ்சேஞ்சிலும் இதே கதைதான். 'சேல்ஸ்ஃபோர்ஸ் லேப்ஸ்' என்ற பெயரில் ஊழியர்கள் எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஆப்களுக்கு நிறுவனத்தின் வழக்கமான சப்போர்ட் கிடைக்காது. மறுபக்கம், பெயர் கேள்விப்படாத ஒரு சின்ன நிறுவனம், நாம் போட்ட டிக்கெட்டுக்கு அன்றைக்கே பதில் சொல்வதும் நடக்கிறது.

முன்பு ஒரே விடை இருந்த கேள்வி இப்போது நான்காகப் பிரிந்துவிட்டது: யார் எழுதியது, எங்கே ஓடுகிறது, யார் பெயரில் பில், யார் பதில் சொல்வார். நான்குக்கும் நான்கு வேறு விடை இருக்கலாம். அலுவலகத்துக்கு முக்கியமானது நான்காவது.

எல்லை தாண்டியவை

இன்னொரு சிக்கல், இன்று மூன்றாம் தரப்பாக இருப்பது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பதில்லை. ஜிராவில் இன்று எல்லாரும் பார்க்கும் ஸ்க்ரம் பலகை கிரீன்ஹாப்பர் என்ற வெளியார் பிளக்-இன்னாகத் தொடங்கியது. 2009இல் அட்லாசியன் அதை வாங்கியது, பிறகு ஜிரா அஜைல் என்று பெயர் மாற்றியது, 2015இல் ஜிரா சாஃப்ட்வேருக்குள்ளேயே கரைத்துவிட்டது. 'ஆட்டோமேஷன் ஃபார் ஜிரா'வைச் செய்த கோட் பேரல் நிறுவனத்தை 2019இல் வாங்கியது. இப்போது அது ஜிராவின் சொந்த உறுப்பு. இப்படி உள்ளே வந்தவற்றுக்கு அட்லாசியன் பொறுப்பு.

வெளியாருக்குள்ளேயும் கை மாறும். ஆப்ஃபயர் போன்ற நிறுவனங்கள் சின்னச் சின்ன ஆப் நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்திருக்கின்றன. இன்னோவாலாக், கோமலாடெக் என்று அட்மின்கள் பழகிய பெயர்கள் இப்போது ஆப்ஃபயரின் குடைக்குள். கை மாறினால் சப்போர்ட் முகவரி மாறும், சில சமயம் விலையும் மாறும். இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் உலகில் இது எவ்வளவு தூரம் போகலாம் என்று 2017இல் பார்த்தோம். சுமார் 2,00,000 தளங்களில் இருந்த 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' பிளக்-இன்னை எழுதியவர் இன்னொருவருக்கு விற்றார். வாங்கியவர் தந்த அப்டேட்டில், தள உரிமையாளருக்குத் தெரியாமல் விளம்பரக் குப்பையை நுழைக்கும் நிரல் ஒளிந்திருந்தது. பெயர் பழையதுதான், ஆள்தான் புதியவர். கடைசியில் அதை வேர்ட்பிரஸின் பிளக்-இன் களஞ்சியத்திலிருந்தே நீக்க வேண்டிவந்தது.

சொந்த ஆப் என்றால் பத்திரமா?

அப்படியானால் வெளியார் ஆப்பே வேண்டாம், நிறுவனம் செய்ததை மட்டும் போடுவோம் என்று ஒரு முடிவுக்கு வரத் தோன்றும். 2022ஆம் ஆண்டு அதற்கும் பாடம் சொன்னது.

ஸ்வீடனின் மைண்ட்வில் நிறுவனம் செய்த 'இன்சைட்' ஆப்பை அட்லாசியன் 2020இல் வாங்கி, தன் ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்டுக்குள் சேர்த்துக்கொண்டது. தனியாக நின்ற பழைய ஆப் இனி தேவையில்லை. 2022 ஏப்ரல் 5ஆம் தேதி அதை நீக்க ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினார்கள். நீக்க வேண்டிய ஆப்களின் அடையாள எண்களுக்குப் பதிலாக, அந்த ஆப் இருந்த தளங்களின் அடையாள எண்கள் அதில் போயிருந்தன. ஸ்கிரிப்ட் கேள்வி கேட்காமல் வேலையை முடித்தது. 23 நிமிடங்களில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் மறைந்தன. கடைசித் தளம் திரும்பி வந்தது ஏப்ரல் 18இல். வெளியிலிருந்து வந்த ஆப்பை உள்ளே சேர்த்த பிறகு பழைய சுவடைத் துடைக்கப் போய் நடந்த விபத்து இது.

அதே ஆண்டு ஜூலையில் இன்னொன்று. 'குவெஸ்சன்ஸ் ஃபார் கன்ஃப்ளூயன்ஸ்' அட்லாசியனே எழுதிய ஆப். சர்வர், டேட்டா சென்டர் வகைகளில் அதன் சில வெர்ஷன்களை நிறுவும்போது 'டிசேபிள்டுசிஸ்டம்யூசர்' என்ற பெயரில் ஒரு கணக்கு தானாக உருவாகும். தகவலைக் கிளவுடுக்கு மாற்ற அட்மினுக்கு உதவுவதற்காக வைத்தது. அதன் கடவுச்சொல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, எல்லா அலுவலகத்துக்கும் ஒரே கடவுச்சொல். எச்சரிக்கை வெளியான மறுநாளே அந்தக் கடவுச்சொல் ட்விட்டரில் வந்துவிட்டது. ஆப்பை நீக்கினாலும் அந்தக் கணக்கு நீங்காது. தேடிப்போய்த் தனியாக அழிக்க வேண்டும்.

நிறுவனத்தின் சொந்த ஆப் என்பதால் பிழை வராது என்று அர்த்தமில்லை. வந்தால் என்ன நடந்தது என்பதில்தான் வேறுபாடு. இரண்டு சம்பவத்திலும் அட்லாசியன் தன் பெயரில் அறிக்கை வெளியிட்டது, முதலாவதில் தளங்களை மீட்டுக் கொடுத்தது, இரண்டாவதில் திருத்தம் தந்தது. பழி சொல்ல வேறு யாரும் இல்லை.

இதோடு 2025 ஆகஸ்டில் நடந்ததை ஒப்பிடுங்கள். 'டிரிஃப்ட்' என்ற சாட் ஆப், சேல்ஸ்லாஃப்ட் நிறுவனத்துடையது. அதைத் தங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கோடு இணைத்திருந்த நிறுவனங்கள் ஏராளம். இணைப்புக்காகக் கொடுத்த டோக்கன்களைத் திருடியவர்கள், 8ஆம் தேதி முதல் 18ஆம் தேதி வரை அந்த வழியாக நுழைந்து வாடிக்கையாளர் விவரங்களை அள்ளினார்கள். பாதிக்கப்பட்டவை 700 நிறுவனங்களுக்கு மேல் என்று கூகுளின் ஆய்வாளர்கள் கணித்தார்கள். கிளவுட்ஃப்ளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்ற பாதுகாப்புத் துறை நிறுவனங்களே அந்தப் பட்டியலில் இருந்தன. எங்கள் தளத்தில் ஓட்டை இல்லை என்று சேல்ஸ்ஃபோர்ஸ் சொன்னது. அது உண்மை. டிரிஃப்டைச் சந்தையிலிருந்து எடுக்கவும் செய்தது. ஆனால் போன தகவல் அதன் வாடிக்கையாளர்களுடையது, போன வழி அவர்களே அனுமதித்த ஒரு மூன்றாம் தரப்பு ஆப்.

இன்று செய்ய வேண்டியது

பழைய காலத்துக்குத் திரும்ப முடியாது, திரும்பவும் வேண்டாம். அன்று சோதனை இல்லாமல் ஜார் கோப்பைத் தூக்கிப் போட்டோம். இன்று பாதுகாப்புத் தேர்வு உண்டு, பிழை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு தரும் திட்டம் உண்டு, தகவல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதற்குத் தனிப் பகுதி உண்டு. கேட்டால் விடை கிடைக்கும். அன்று ராத்திரி தங்கிய அட்மினுக்கு, எழுதியவர் விலகிப்போனதால் கேட்க ஆளே இல்லாத பிளக்-இன்களும் இருந்தன.

மாறியது கேட்கும் பழக்கம்தான். நிறுவுவது கடினமாக இருந்தபோது இது தேவையா என்று பத்து முறை யோசித்தோம், யோசிக்கும்போதே யாருடையது என்பதும் தெரிந்துவிடும். சுலபமானதும் யோசனை போய்விட்டது. பல ஜிராக்களில் யார் எப்போது எதற்காகப் போட்டார் என்று தெரியாத ஆப்கள் கிடக்கும். போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார், மாதாமாதம் பில் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அதுவும் பத்துப் பேர் பயன்படுத்தும் ஆப்புக்கு ஜிராவில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்துக் கட்டணம், ஏனென்றால் சந்தையின் விலைக் கணக்கு அப்படி.

இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு தாளில் ஐந்து பத்தி போதும்: ஆப்பின் பெயர், எழுதியவர், ஓடும் இடம், சப்போர்ட் கேட்க வேண்டிய முகவரி, நம் அலுவலகத்தில் இதைக் கேட்டுவாங்கியவர். நான்காவது பத்தி காலியாக இருக்கும் ஆப்பில் அன்றாட வேலையைச் சார்ந்திருக்கக் கூடாது. ஐந்தாவது காலியாக இருந்தால் எடுத்துவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை எழுதியவர் பெயரைச் சந்தைப் பக்கத்தோடு ஒப்பிட்டால் கை மாறியது தெரிந்துவிடும். ஆப் கேட்கும் அனுமதிகளையும் அப்போதே பார்க்க வேண்டும். நாட்காட்டி காட்டும் ஆப்புக்கு எல்லாத் திட்டத்தையும் அழிக்கும் அதிகாரம் எதற்கு?

சந்தை நடத்துகிறவர்களும் இதில் பாதி வேலையைச் செய்யலாம். விலையைப் பெரிய எழுத்தில் போடத் தெரிந்தவர்களுக்குப் பதில் சொல்பவர் பெயரையும் பெரிய எழுத்தில் போடத் தெரியும். பில்லில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சப்போர்ட் தருபவர் பெயரை அச்சிட்டாலே பாதி டிக்கெட்டுகள் சரியான வாசலுக்குப் போய்ச் சேரும். அதுவரை, நிறுவும் பொத்தானைத் தட்டுவதற்கு முன்பு சப்போர்ட் பகுதியை ஒருமுறை தட்டுவது அட்மினின் வேலை. அரை நிமிடம்கூட ஆகாது.